வெண்பனியில் ஒரு வீட்டு முகப்பு

டொராண்டோவில் வீடு விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வசந்தம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். புல் பச்சையாகி, ட்யூலிப் மலர்ந்து, மேப்பிள் மரங்கள் தளிர்க்கும் நாளில் விற்பனைப் பலகையை நட்டால் போதும், பாதி வேலையை மண்ணும் வெயிலும் செய்துகொடுக்கும். ஆனால் வேலை மாற்றம், குழந்தைப் பேறு, முதுமை என்று வாழ்க்கைக்கு அதன் கணக்கு இருக்கிறதே! அதனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் சில வீடுகள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அந்த வீடுகளின் முகப்பைத்தான் நான் ஆசை ஆசையாக நின்று பார்க்கிறேன். பூவும் இலையும் துணைக்கு வராத அந்த மாதங்களில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வீட்டின் கட்டுக்கோப்பும் அதைப் பேணிய கைகளின் நேர்த்தியும்தான். அங்கே அழகாகத் தெரியும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எடுத்துக்கொண்ட அக்கறை. வாருங்கள், ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வெயிலைப் பாருங்கள். கோடையில் டொராண்டோவின் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். அந்த ஒளி கூரையில் விழுந்து தரையில் இறங்கும். சுவரோ கூரை விளிம்பின் நிழலில் ஒதுங்கி நிற்கும். டிசம்பர் இறுதியிலோ அதே சூரியன் 23 பாகைக்கு மேல் எழுவதில்லை. தாழ்ந்து, சாய்ந்து, மெதுவாகத் தெருவைக் கடந்து வரும் அந்தப் பொன்னிற ஒளி நேரே சுவரின் முகத்தில் வந்து படுகிறது. தெற்கு பார்த்த வீட்டுக்கு இது ஆண்டின் மிகச் சிறந்த பருவம். செங்கலின் சொரசொரப்பு, இரண்டு செங்கல்லுக்கு இடையே ஓடும் சுண்ணக் கோடு, கதவுச் சட்டத்தின் இழைப்பு என்று கோடை முழுவதும் தட்டையாகத் தெரிந்தவை எல்லாம் மெல்லிய நிழல் பெற்றுப் புடைத்து எழுகின்றன. கீழே புதுப்பனி கிடந்தால் இன்னொரு வரமும் உண்டு. தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அது திருப்பி அனுப்பிவிடும். அந்த ஒளி கீழிருந்து மேலெழுந்து, எந்தப் பருவத்திலும் வெளிச்சம் காணாத கூரை இறக்கத்தின் அடிப்பலகையையும் போர்ச்சின் உட்கூரையையும் பால் நிறத்தில் மெழுகுகிறது. இதை அறிந்த புகைப்படக்காரர், விற்பனைப் படத்தை எடுக்க நண்பகல் வெயிலுக்காகக் காத்திருப்பார்.

அந்த ஒளி வந்து விழும் செங்கல்லைப் பற்றி ஒரு சொல். பழைய டொராண்டோவின் நிறமே அதுதான். 1889இல் டான் பள்ளத்தாக்கில் தொடங்கிய செங்கல் சூளையின் களிமண்ணிலிருந்து இந்த நகரத்தின் எத்தனையோ சுவர்கள் எழுந்தன. காசா லோமா மாளிகையிலும் மாசி அரங்கிலும் அந்தச் சூளையின் கல் இருக்கிறது. கேபேஜ்டவுன் பகுதித் தெருக்களில் இன்றும் வரிசையாக நிற்கும் ஒடுங்கிய, உயரமான பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளைப் பாருங்கள். முன்னே புடைத்து வரும் ஜன்னல் கட்டு, அதன் தலையில் கூர்ந்து நிற்கும் முக்கோண முகப்பு, அதன் விளிம்பில் மரத்தில் செதுக்கிய சன்னமான வேலைப்பாடு. ஜூலையில் இந்த வேலைப்பாட்டை மேப்பிள் இலைகள் மறைத்துக்கொள்ளும். இலையுதிர்ந்தபின் தச்சனின் கைத்திறம் முழுதாக வெளியே வருகிறது. வெள்ளைத் தரை, கருங்கிளைகள், நடுவில் சிவந்த செங்கல். இந்த மூன்று நிறமும் சேர்ந்து தரும் நிறைவை எந்தக் கோடைத் தோட்டமும் எனக்குத் தந்ததில்லை. இதைக் கெடுக்காமல் விட்டுவைப்பதே விற்பவரின் முதல் நயம். காற்றடைத்த கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மைகளையும் மினுக்கும் பலவண்ண விளக்குச் சரங்களையும் நல்ல முகவர் எடுத்துவைக்கச் சொல்வார். சுவர் பேசட்டும் என்று அவருக்குத் தெரியும். நீலத் தொட்டி, பச்சைத் தொட்டி என்று குப்பைத் தொட்டிகளும் பக்கச் சந்துக்குப் போய்விடும்.

இப்போது தலையைச் சற்று உயர்த்திக் கூரையைப் பாருங்கள். பனி பெய்து இரண்டு நாள் கழித்தும் கூரையின் நிழல்பக்கம் முழுவதும் ஒரே கனத்தில், ஒரே மென்மையில் வெள்ளை விரிந்து கிடந்தால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த அழகுக்குப் பின்னே ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேல்மாடத்தில் வெப்பத்தடுப்பு சரியாக இல்லாத வீட்டில் உள்ளே எரியும் சூடு கூரைக்கு ஏறும்; மேற்பகுதிப் பனி உருகி வழியும்; விளிம்புக்கு வந்ததும் குளிர்ந்து மீண்டும் உறையும். அந்த உறைவு அணைபோல் திரண்டு, பின்னால் வரும் நீரைத் தேக்கி, ஓட்டுக்கு அடியில் நுழையவிடும். பீலியிலிருந்து நீளநீளமாகத் தொங்கும் பனிக்கட்டி ஊசிகள் வாழ்த்து அட்டையில் அழகு. வீட்டுச் சோதனையாளருக்கோ அவை கேள்விகள். ஆகவே கலையாத கூரைப் பனி என்பது சுவருக்குள்ளும் மாடத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் செய்யப்பட்ட நல்ல வேலை, வெளியே வந்து வெள்ளையாக விரிந்து காட்டும் முகம். அதைச் சோடித்துக் கொண்டுவர முடியாது. பல ஆண்டு அக்கறையின் பலன் அது. அதனாலேயே பனிக்கால வீட்டின் அணிகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

கூரையிலிருந்து தரைக்கு வாருங்கள். பனி தள்ளுவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கும் வேலை. ஆனால் தள்ளுவதில் எத்தனை நயம் இருக்கிறது! அவசரக்காரர் ஓர் ஆள் நடக்கும் அளவுக்குக் கோணலாக ஒரு தடம் வெட்டிவிட்டுப் போவார். கைதேர்ந்தவர் இரவோடு பெய்த பனியை, அதன்மேல் முதல் காலடி விழுந்து அது இறுகிப்போவதற்கு முன்பே எடுத்துவிடுவார். தடத்தின் இரு ஓரங்களையும் நேராகச் சீவிவிடுவார். இருவர் அருகருகே பேசிக்கொண்டு நடந்துவர இடம் விடுவார், ஏனென்றால் வீடு பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இருவராகத்தான் வருவார்கள். வளைந்து செல்லும் பாதையானால் அந்த வளைவு குலையாமல் கூடவே வளைந்து போவார். வீட்டு வாசலிலிருந்து நடைபாதைவரை வந்ததும் நின்றுவிடவும் மாட்டார். பனியகற்றும் வண்டி சாலையோரம் குவித்துவிட்டுப் போன மேட்டையும் வெட்டி, காரிலிருந்து இறங்குபவர் முதல் அடியையே வெறுந்தரையில் வைக்கும்படி ஒரு வாயில் திறந்துவிடுவார். இந்த வெட்டுதான் என்னை உருக்குவது. யாரென்று தெரியாத ஒருவர், எந்த இடத்தில் கார்க் கதவைத் திறப்பார், எங்கே கால் வைப்பார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த மனம் அதில் இருக்கிறது.

டிரைவ்வேயில் ஓர் இரகசியமும் உண்டு. கருந்தாரின் ஓர் அகலமான பட்டை வெளியே தெரியும்படி சுத்தமாகச் சுரண்டிவிட்டால், காற்று சுழியத்துக்குக் கீழே ஐந்து பாகையில் இருந்தாலும், அந்தக் கருமை வெயிலைக் குடித்துச் சூடேறும். எஞ்சியிருக்கும் மெல்லிய வெண்படலம் ஓரங்களிலிருந்து தானாகவே கரைந்து பின்வாங்கும். மதியத்துக்குள் ஈரமற்ற, கரிய, கூரான விளிம்புள்ள ஒரு பரப்பு பனிக்கு நடுவே பளிச்சென்று கிடக்கும். பனிவாரியும் பகலவனும் கூடிச் செய்த வேலை!

படிகளில் அந்த நயம் இன்னும் நுண்ணியதாகிறது. உப்பை அள்ளி வீசிவிடுவது எளிது. ஆனால் சாதாரணப் பாறை உப்பு சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் சோர்ந்துவிடும். காய்ந்தபின் கல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும், பக்கத்துச் செடியின் வேரைச் சுடும். ஆகவே அருமை அறிந்தவர்கள் முதலில் நன்றாகக் கூட்டுகிறார்கள், பிடிவாதமான இடத்தில் மட்டும் சிறிது உப்பு இடுகிறார்கள், கடுங்குளிர் நாளில் மணலைத் தூவுகிறார்கள். கைப்பிடிக் கம்பியின் மேலிருந்த பனியையும் துடைத்துவிடுகிறார்கள், வயதான ஒரு கை அதைப் பற்றக்கூடும் என்று. வாசலில் தென்னை நார் மிதியடி. இந்தியாவிலிருந்து கப்பலேறி வரும் அந்த முரட்டு நார், காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய பனியைச் சுரண்டி எடுப்பதில் தேர்ந்தது. கனடாவில் வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றிவிடுவார்கள். பனிக்காலத்தில் அது இன்னும் அவசியம். ஆகவே கதவுக்கு உட்புறம் ஒரு தட்டும், உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஒரு சிறு இருக்கையும் வெளியிலிருந்தே கண்ணில் பட்டால், வருபவருக்கு அழைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள்.

படியின் இருபுறமும் நிற்கும் பெரிய சாடிகளை இனிப் பாருங்கள். பனிக்கால முகப்பின் மிக அழகிய கைவேலை இங்கேதான். மண்சாடி இதற்கு ஆகாது. ஈர மண் உறையும்போது அதிலுள்ள நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து சாடியைப் பிளந்துவிடும். உலோகமோ கண்ணாடியிழையோ தாங்கும். நவம்பரில், மண் இன்னும் இளகியிருக்கும்போதே கொப்புகளைச் செருகத் தொடங்குகிறார்கள். நடுவில் பர்ச் மரத்தின் வெண்பட்டைக் கழிகள் இரண்டு மூன்று. அவற்றைச் சுற்றி ஸ்ப்ரூஸ், பைன் கிளைகள். சாடியின் விளிம்புக்கு வெளியே வழிந்து தொங்கும்படி சிடார் தழை. இடையிடையே மேற்புறம் பளபளக்கும் பச்சையும் அடிப்புறம் தவிட்டு நிற வெல்வெட்டுமாக மக்னோலியா இலைகள். ஓரிரு பைன் காய்கள். பிறகு குளிர் வருகிறது. மண் உறைகிறது. செருகிய ஒவ்வொரு கொப்பும் சிமென்டில் நட்டதுபோல் அசையாமல் நிலைத்துவிடுகிறது. எந்தக் காற்றும் அதைச் சாய்க்காது. வெட்டிய தழை வாடாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கச் செய்வதும் அதே குளிர்தான். கோடையில் தினமும் நீரூற்றிக் காக்க வேண்டிய சாடியை, இந்தப் பருவத்தில் உறைபனியே காவல் காக்கிறது. பகையைப் பணியாளாக்கிக்கொள்ளும் இந்த நுட்பத்தை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு அடங்குவதில்லை. அதன்மேல் ஒரு விரற்கடைப் பனி படிந்தால் தழையின் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக வெள்ளை விளிம்பு கட்டிக்கொள்ளும். அந்தப் பனியைத் தட்டிவிட யாருக்கும் மனம் வராது.

கதவுக்கு வந்துவிட்டோம். அடர்ந்த சிவப்பு, நள்ளிரவு நீலம், மினுக்கமில்லாத கருப்பு. வெளிறிய பருவத்தில் ஆழ்ந்த நிறமுள்ள கதவு கண்ணுக்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் தருகிறது. அந்த நிறத்தை இப்போது பூசியிருக்க முடியாது. வெளிப்புறச் சாயம் நன்றாகப் பிடிக்கக் காற்றில் வெதுவெதுப்பு வேண்டும். அக்டோபருக்குள்ளேயே யாரோ தேய்த்து, அடிப்பூச்சிட்டு, இருமுறை தீட்டி வைத்திருக்கிறார்கள். கதவின் நடுவில் பசுந்தழை வளையம். பால்சம் ஃபர் தழையாக இருந்தால் அருகில் வந்ததும் காட்டின் மணம் வரும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதன் சிவப்புப் பட்டையையும் மணியையும் கழற்றிவிட்டு வெறும் தழையாகவே விட்டால், அது பிப்ரவரி வரைக்கும் பருவத்தின் அணியாகப் பொலியும். விற்பனைப் படமும் பழசாகத் தோன்றாது.

ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இதே கதவின் தலைப்பில் மாவிலைத் தோரணம் தொங்கும் வீடுகள் உண்டு. தமிழர் செறிந்து வாழும் இந்தப் பகுதிகளில் விற்பவர், வாங்குபவர், நடுவில் நிற்கும் முகவர் என்று மூவருமே தமிழராக இருப்பதும் அரிதல்ல. கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது; பொங்கலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. காய்ந்த பிறகும் பசுமை முற்றாக விட்டுப்போகாத மாவிலையும், குளிரில் பச்சை மாறாத ஃபர் தழையும் ஒரே வாசலில் சந்திக்கும்போது அவற்றுக்குள் எந்த முரணும் எனக்குத் தெரிவதில்லை. வருபவரைப் பசுமையோடு வரவேற்க வேண்டும் என்று இரண்டு மண்ணின் மக்களும் எண்ணியிருக்கிறார்கள். அந்த ஒற்றுமை நிலைப்படியில் வந்து இணைகிறது.

டிசம்பர் நடுவில் இங்கே மாலை 4:40 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். பகல் முழுதாக ஒன்பது மணி நேரம்கூட இல்லை. வேலை முடிந்து வீடு பார்க்க வருபவர் இருட்டில்தான் வருவார். ஆகவே விளக்கு இந்த முகப்பின் உயிர். சூரியன் மறைந்த பின் அரை மணி நேரம் போல வானம் கருக்காமல் ஆழ்நீலத்தில் நிற்கும். அப்போது 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் கலந்த இளஞ்சூட்டு ஒளி போர்ச்சில் எரிய வேண்டும். நீலத்துக்கு எதிரே அந்த மஞ்சள் எவ்வளவு கனிவாகக் கனல்கிறது! பனி அந்த ஒளியை வாங்கிப் படியெங்கும் பரப்புகிறது. ஒரே விளக்கு இரண்டு விளக்கின் வேலையைச் செய்கிறது. கண் கூசும் வெள்ளொளி விளக்குகள் இந்த மந்திரத்தைக் கலைத்துவிடும். கதவருகே வீட்டு எண், பெரிதாக, பித்தளையில், விளக்கு படும்படி. பனியில் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு இருட்டில் எண் தேடி வருபவருக்கு அதைவிட அழகான எழுத்து வேறில்லை.

ஜன்னல்களிலும் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பூச்சி வலைகளை இலையுதிர் காலத்திலேயே கழற்றி, கண்ணாடியின் இருபுறமும் துடைத்து வைத்துவிடுகிறார்கள். வலையின் மங்கல் நீங்கியதும் பகலில் வானமும் மரக்கிளையும் கண்ணாடியில் தெளிந்து விழுகின்றன. மாலையில் திரை விலகிய அறையின் ஒளி தடையின்றிப் பனிமேல் நீள்சதுரங்களாக வந்து கிடக்கிறது. உள்ளே ஒரு மேசை, ஒரு புத்தக அலமாரி, சுவரில் ஒரு சித்திரம். தெருவில் நிற்பவர் தன்னை அந்த அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள அது போதும்.

பனியே இல்லாத நாட்களும் டொராண்டோவில் நிறைய. புல் பழுத்து, தரை சேறாகி, வானம் சாம்பலாகக் கவிந்திருக்கும் அந்நாட்களில் நவம்பரின் உழைப்பு துணைக்கு வருகிறது. இலைகளை வாரியிருக்கிறார்கள். பாத்திகளின் ஓரத்தைக் கத்தியால் கீறியதுபோல் வெட்டியிருக்கிறார்கள். சாலை உப்பு தெறிக்கும் இடத்தில் சிடார் வேலியைச் சணல் சாக்கால் போர்த்தி, தையல் சுத்தமாகத் தெரியும்படி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மொட்டையாக வெட்டிவிடவும் இல்லை. ஹைட்ரேஞ்சியாவின் உலர்ந்த பூங்கொத்துகளைக் காகித நிறத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள், அடுத்த பனியைத் தாங்குவதற்கு. ஜெர்மானியத் தோட்டக் கலைஞர் கார்ல் ஃபோர்ஸ்டரின் பெயரைத் தாங்கிய கோதுமை நிற அலங்காரப் புல் நிமிர்ந்து நிற்கிறது. பனியில் சற்றுத் தணிந்தாலும் மீண்டும் எழுந்துகொள்கிறது.

இந்தத் தோட்டத்தின் இரண்டு செடிகளிடம்தான் நான் மனத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். ஒன்று விண்டர்பெர்ரி. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளை நெடுகப் பவளக் கனிகளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். பெண் செடியில்தான் கனி. அதற்கு அருகில் எங்காவது ஓர் ஆண் செடி வேண்டும். இதை அறிந்து, கனி தராத அந்த ஒன்றையும் ஓரத்தில் நட்டுவைத்தவரை வணங்கத் தோன்றுகிறது. மற்றொன்று செந்தண்டு டாக்வுட். டான் பள்ளத்தாக்கின் ஈர நிலங்களில் தானாக வளரும் மண்ணின் செடி. கோடையில் யாரும் திரும்பிப் பார்க்காத புதர். இலையுதிர்ந்து குளிர் ஏற ஏற அதன் பட்டை சிவக்கிறது. ஜனவரி வெயிலில், வெள்ளைத் தரையில், ஒரு கற்றைச் செந்தண்டுகள் செங்கல் சுவருக்கு முன்னே எழுந்து நிற்பதைப் பாருங்கள். கல்லும் செடியும் ஒரே நிறத்தில் பேசிக்கொள்கின்றன.

வாங்குபவருக்கு ஓர் ஐயம் எழும்: இந்தப் பனிக்கு அடியில் என்னதான் இருக்கிறது? நல்ல விற்பனையாளர் அதற்கும் விடை வைத்திருக்கிறார். கூடத்து மேசையில் ஜூன் மாதத்துத் தோட்டத்தின் படங்கள், எந்தச் செடி எங்கே, எப்போது பூக்கும் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பில் டாக்வுட்டுக்கு ஒரு வரி இருந்தால் அந்த வீட்டை நான் இன்னும் அதிகமாக நேசிப்பேன். ஏனெனில் அந்தச் சிவப்பு இளந்தண்டுக்கே உரியது. தண்டு முதிர்ந்தால் நிறம் மங்கிவிடும். ஆண்டுதோறும் வசந்தத்தின் தொடக்கத்தில், இலை விடுமுன், முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புதிது எழும், அடுத்த பனிக்காலத்தில் சிவக்கும். விற்றவர் அதற்குள் போய்விட்டிருப்பார். கத்தரிக்கோலை எடுக்க வேண்டியவர் வாங்கியவர். தனக்கு இனிச் சொந்தமில்லாத ஓர் அழகு தொடர்வதற்கான வழியை எழுதிவைத்துவிட்டுப் போகிறாரே, அந்த ஒரு வரிக்காகவே அந்த வீட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கலாம்.